ஆராய்ச்சியில் தேறாதவள்

கோபம் ஆறிய பிறகு எழுது என்றார் என் கணவர். ஆறட்டும் என்று எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. இனி ஆறாது என்று தெரிந்த பிறகுதான், மகள் பள்ளிக்கூடத்தில் மிச்சம் வைத்த ஒரு நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். நோயாளி எழுதினால் கடைசியில் எல்லாருக்கும் நன்றி சொல்லி முடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் பெயர் சரோஜா. வயது ஐம்பத்தொன்று. கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிள்ளைக்காம்பரா பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு எங்கள் லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், இன்னும் அந்தப் பெயர்தான். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தபோது கூடவே கொண்டுவந்த சொல். பதினெட்டு வருடம் அந்த வேலை செய்தேன். பால் கொடுத்தேன், தூளியாட்டினேன், கொஞ்சம் வளர்ந்ததுகளுக்கு அ ஆ சொல்லிக் கொடுத்தேன்.

முதலில் தாடைதான் ஆடியது. குளிர் என்று நினைத்தேன். டிசம்பரில் எங்கள் பக்கம் யாருக்குத்தான் தாடை ஆடாது? பிறகு குளிர் போனது, ஆட்டம் போகவில்லை. இரண்டு கையும் சேர்ந்து நடுங்க ஆரம்பித்தன. பால் புட்டியைப் பிள்ளை வாயில் வைத்தால் கன்னத்தில் போய் இடித்தது. நடை சுருங்கியது. எட்டு வைத்து நடந்தவள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தேன்.

இவற்றையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறு. பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டன. ஆறுமாதப் பிள்ளை முகத்தைப் பார்த்துத்தான் சிரிக்கும். நான் கொஞ்சுவேன், குரல் கொடுப்பேன், அது என் முகத்தையே வெறித்துப் பார்த்துவிட்டு அழும். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன். உள்ளே நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் இருந்தவள் சிரிக்கவில்லை. மரத்தில் செதுக்கிய மாதிரி ஒரு முகம்.

அந்த வாரமே சித்ரா என்ற பெண் தன் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க உக்காருங்க. இவன எங்க மாமியார்கிட்டயே விட்டுக்கறேன்" என்றாள்.

"ஏன்டி, நான் என்ன கீழ போட்டேனா?"

"போடலக்கா. போட்டுட்டா?"

அவள் பயந்த தாய். அவளை மன்னித்துவிடலாம். ஆனால் குழாயடியில் நின்று, "ராவுல ஊத்திக்கிறாளாம், அதான் காலைல ஆடுது" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களை இன்றுவரை மன்னிக்கவில்லை. எஸ்டேட் ஆபீஸில் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் லீவுல இருங்கம்மா" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

பஜாரில் ஒரு டாக்டர் இருந்தார். இப்போதும் இருக்கிறார். பெயர் எழுத மாட்டேன். நெஞ்செரிச்சலுக்கும் புளியேப்பத்துக்கும் அவரிடம்தான் நான் முன்பே போய்க்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு காப்சூல் எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. நன்றாகவே கேட்டது. அதனால் சீட்டைக் கொண்டுபோகாமலே மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். கை நடுக்கத்தைக் காட்டியபோது அந்த டாக்டர் முதலில் நரம்புத் தளர்ச்சி என்றார். சத்து ஊசி போட்டார். மூன்றாவது தடவை போனபோது என் நடையைப் பார்த்துவிட்டு, "இது பார்க்கின்சன் மாதிரி தெரியுது. கோயம்புத்தூர்ல நரம்பு டாக்டரப் பாருங்க" என்றார்.

கோயம்புத்தூரில் நரம்பு டாக்டர் வாசலில் ஐந்து மணிநேரம் காத்திருந்தோம். உள்ளே இருந்தது நாலு நிமிடம். என் கணவர் தங்கவேலு எஸ்டேட் ஃபாக்டரியில் இலை உலர்த்தும் ட்ரையர் பார்ப்பவர், நேரம் பார்த்துப் பழகியவர். அவர்தான் கணக்குச் சொன்னார். விரலைத் தட்டச் சொன்னார்கள், கையை மடக்கி நீட்டினார்கள், நடக்கவிட்டார்கள். "சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர். இல்லை என்றேன். வாயுவை யாராவது நோய் என்று சொல்வார்களா?

பார்க்கின்சன் என்பது இதுதான் என்று பிற்பாடு விளங்கிக்கொண்டேன். மூளையின் அடியில் ஒரு சின்ன இடத்தில் டோபமின் என்ற ஒன்று சுரக்கிறது. உடம்பை அசைக்க நினைத்ததும் அசைய வைப்பது அதுதான். அதைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போனால் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், முகம் இறுகும். செத்த செல் திரும்பி வராது. டோபமினாக மாறும் மாத்திரையை வெளியிலிருந்து கொடுத்துச் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்த அந்த மாத்திரையை மூன்று வேளை போட்டேன். நடுக்கம் குறையவில்லை. குமட்டல் மட்டும் வந்தது. பஜார் டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் தலை நிமிராமலே, "அதே காப்சூல ரெண்டு வேளையா போட்டுக்கங்க, குமட்டல் நின்னுடும்" என்றார். குமட்டல் நின்றது. நானும் நின்றுபோனேன். சட்டைப் பொத்தான் போட முடியாது, சீப்பைப் பிடிக்க முடியாது, படுக்கையில் புரண்டு படுக்க முடியாது. வாயோரம் எச்சில் வழிவது எனக்கே தெரியாது.

ஸ்வெட்டர் பொத்தான்களை எல்லாம் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டையைத் தைத்து வைத்தார் என் கணவர். ட்ரையர் சூட்டில் காய்த்துப்போன விரலால் எனக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார். முதல் வாரம் கோணல், இரண்டாவது வாரம் நேர். நான் அவரிடம் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை. டீயை ஊட்ட வந்தவரின் கையைத் தட்டிவிட்டேன். டம்ளர் உருண்டது. அவர் தரையைத் துடைத்துவிட்டு இன்னொரு டம்ளர் கலந்து கொண்டுவந்தார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டதே என்று இருந்தது.

அடுத்த முறை போனபோது நரம்பு டாக்டர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். கோயம்புத்தூரிலேயே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் புது மருந்தைச் சோதிக்கிறார்கள். நோய் முற்றுவதை அது தாமதப்படுத்துமா என்று பார்ப்பதுதான் வேலை. சேருவதற்கு முன் ஐந்து நாள் உள்ளே வைத்து எல்லாச் சோதனையும் செய்வார்கள், செலவு அவர்களுடையது. எங்கள் கையால் எட்ட முடியாத ஸ்கேன்கள் அதில் இருந்தன. சரி என்றோம்.

முதல் நாள் ஜெஸ்ஸி என்ற பெண் ஒரு கட்டுத் தாளுடன் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். கூடலூர்க்காரி, நர்ஸ். ஆராய்ச்சிக்கான தாள்களையெல்லாம் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. தாளில் என் பெயர் எங்கேயும் இல்லை, ஒரு நம்பர்தான் இருந்தது. அவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். சேருகிறவர்களில் பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

"இதனால உங்களுக்கு நேரடியா பலன் கிடைக்காம போகலாம். சம்மதமா?" என்றாள்.

"அப்ப யாருக்குக் கெடைக்கும்?"

"பின்னாடி இந்த நோய் வர்றவங்களுக்கு."

"பின்னாடி வர்றவங்க வந்து எம் புள்ளைக்காம்பராவ எனக்கு வாங்கிக் குடுப்பாங்களா?"

அவள் பேனாவை நீட்டினாள். நான் போட்ட கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாகிச் சின்னதாகி முடிந்தது. அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

ஆண்களும் பெண்களும் சேர்ந்து காத்திருக்கும் கூடம் ஒன்று இருந்தது. அங்கேதான் வேலுசாமி அண்ணனைப் பார்த்தேன். ஊட்டி காந்தலில் மளிகைக்கடை வைத்திருந்தவர், அறுபதைத் தாண்டியவர். நோய் வந்து ஆறு வருடம். கடையை மகனிடம் கொடுத்துவிட்டார். மலையிலிருந்து வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் ஒட்டிக்கொள்வோம் என்று எல்லாரும் நினைத்தார்கள். நாங்கள் மின்விசிறிக்காகச் சண்டை போட்டோம். அவருக்குக் கோவை வெயில் ஆகாது, விசிறி முழு வேகத்தில் வேண்டும். எனக்குக் காற்றுப் பட்டால் தாடை இன்னும் ஆடும்.

"ஏம்மா, வெசிறிய நிறுத்தாதீங்க. வெந்து சாவறேன்" என்றார்.

"நீங்க வேகறீங்க, நான் ஆடறேன். எது மோசம்?"

"ஆடறதுல நான் உனக்கு அண்ணனுங்கம்மா. ஆறு வருசச் சர்வீசு."

அவர் மனைவி சிரித்தார். நான் சிரித்தேனா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. என் முகம்தான் அப்படி.

இரண்டாம் நாள் சோதனைகள். விரலும் விரலும் பத்துத் தடவை தட்டு. குதிகாலால் தரையைத் தட்டு. காகிதத்தில் சுருள் வரை. இதையெல்லாம் வீடியோ எடுத்தார்கள். ஓர் இளம் டாக்டர் என் பின்னால் நின்றுகொண்டு, சொல்லிவிட்டுத் தோளைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். ஒருவர் இழுப்பில் எத்தனை எட்டில் சமாளிக்கிறார் என்று பார்க்கிற சோதனையாம் அது. நான் அப்படியே மரம் மாதிரி அவர் மேல் சாய்ந்தேன். அவர் "மூணு" என்று மார்க் சொன்னார், ஜெஸ்ஸி எழுதினாள். மாடு பிடிக்கிற சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதுபோலத்தான் இருந்தது.

பிறகு ஓர் அட்டைப் புத்தகம் கொடுத்தார்கள். சுரண்டினால் வாசனை வரும், என்ன வாசனை என்று சொல்ல வேண்டும். பார்க்கின்சன் வருகிறவர்களில் பலருக்கு நடுக்கம் வருவதற்கு வருடக்கணக்கில் முன்பே மோப்பம் போய்விடுமாம். நான் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். இளம் டாக்டர் புருவத்தைச் சுருக்கினார்.

"இவ்வளவு கரெக்டா யாரும் சொல்லலைங்கம்மா."

"ஃபாக்டரில எல கருகினா லயத்துல இருந்தே சொல்லிடுவேன். மூக்குல என்னா கொற எனக்கு?"

அவர் எதையோ எழுதிக்கொண்டார். என்னவென்று எனக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நடந்ததை மறக்க மாட்டேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து யாருக்கும் பார்க்கின்சன் மாத்திரை கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். மருந்து இல்லாத உடம்பு எப்படி இருக்கிறது என்று காலையில் அளப்பார்கள். விடிந்ததும் கூடத்துக்கு வந்தபோது வேலுசாமி அண்ணன் கழிவறை வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. பாதம் துடிக்கிறது, எழும்ப மாட்டேன் என்கிறது. முதல் நாள் என்னிடம் வாயடித்த மனிதர், குரலே இல்லாமல், "தள்ளாத, தள்ளாத" என்று மனைவியிடம் முனகினார். அந்த அம்மா அவர் முன்னால் தன் காலை நீட்டி, "இதத் தாண்டுங்க, இதத் தாண்டுங்க" என்று சொன்னார். தாண்டச் சொன்னால் சில சமயம் கால் எழும்புமாம். எழும்ப மூன்று நிமிடம் ஆனது. அதற்குள் அவர் வேட்டி நனைந்துவிட்டது.

அவரை அந்த நிலையில் நடக்கவிட்டு வீடியோ எடுத்தார்கள். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்தான். ஆனாலும் என் உடம்பெல்லாம் எரிந்தது. என் முறை வந்தபோது அந்த எரிச்சலை எல்லாம் சேர்த்துக் கொட்டினேன்.

"எனக்கு எதுக்கு இந்தச் சோதனை? மாத்திர போட்டாலும் இதேதான், போடாட்டியும் இதேதான். அளந்துக்கங்க."

அளந்தார்கள். நான் சொன்னதுதான் வந்தது. இளம் டாக்டர் நேற்றைய தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று மத்தியானம் ஜெஸ்ஸி மறுபடி வந்தாள். நான் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் அவள் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

"மொத நாளே எழுதிக் குடுத்தாச்சு" என்றேன்.

"எழுதினது போதாதும்மா. அட்டை காணணும்."

"நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறியா?"

"அப்படியில்ல. ரூல் அது. ஒண்ணு விடாம காணணும்."

"உன் ரூலக் கொண்டுபோய் அடுப்புல போடு."

அவளும் விடவில்லை. முகம் சிவந்துவிட்டது, ஆனால் நாற்காலியை விட்டு எழவில்லை. "நீங்க திட்டுங்க. நான் அட்டை கண்டிட்டுத்தான் போவேன்" என்றாள். பொறுக்காமல் என் கணவர் பையைக் கட்டிலில் கவிழ்த்தார். சீப்பு, விபூதிப் பொட்டலம், பார்க்கின்சன் மாத்திரை, சத்து மாத்திரை, அந்தக் காப்சூல் அட்டை.

ஜெஸ்ஸி காப்சூலை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள்.

"இது லிஸ்ட்ல இல்லையே."

"அது வாயுக்குப் போடறதும்மா. அது மருந்தா?" என்றார் என் கணவர்.

"எத்ர நாளா?" அவசரத்தில் அவளுக்கு மலையாளம் வந்துவிட்டது. "எவ்வளவு நாளா போடறாங்க?"

"ரெண்டர வருசம் இருக்கும். இப்ப ஆறு மாசமா ரெண்டு வேள."

"நடுக்கம் எப்ப தொடங்குச்சு?"

என் கணவர் கணக்குப் போட்டார். ஃபாக்டரிக் கணக்குப் போடுகிறவர், தப்பாது. காப்சூல் ஆரம்பித்து ஆறு மாதம் கழித்து. ஜெஸ்ஸி அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, ஓட்டமும் நடையுமாக வெளியே போனாள்.

மறுநாள் காலை ஆராய்ச்சியை நடத்தும் பெரிய டாக்டர் ஆறேழு மாணவர்களோடு வந்தார். என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். என் கையைத் தூக்கிக் காட்டினார், தாடையைக் காட்டினார், காப்சூல் அட்டையைக் காட்டினார். எல்லாம் இங்கிலீஷில். மாணவர்கள் தலையாட்டினார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்துப் பாவம் என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னையப் பத்தித்தானே பேசறீங்க? எனக்குச் சொல்லுங்க" என்றேன். எச்சில் வழிந்தது. துடைக்கவில்லை.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னார். எல்லா வயிற்று மருந்தும் இப்படியில்லை. குமட்டலையும் வாயுவையும் அடக்குகிற சில மருந்துகள் மட்டும், டோபமின் போய்ச் சேர வேண்டிய கதவுகளைச் சாத்திவிடும். வயிற்றில் சாத்தினால் குமட்டல் நிற்கும். மூளையிலும் போய்ச் சாத்தினால், டோபமின் வேண்டிய அளவு இருந்தும் உள்ளே நுழைய முடியாது. பார்த்தால் அப்படியே பார்க்கின்சன் மாதிரியே இருக்கும். என் காப்சூலில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு அந்த மாதிரி ஒன்றும் கலந்திருந்தது. சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டியது.

"மூக்கு நல்லா இருக்கு, மாத்திரைக்கு உடம்பு கேக்கல, பொதுவா ஒரு பக்கமா வர்றது உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா ஆரம்பிச்சிருக்கு. எனக்கு இது பார்க்கின்சன்னு தோணலம்மா. ஸ்கேன் பாத்துட்டு உறுதியாச் சொல்றேன்" என்றார்.

"அப்ப என்னோட மூள நல்லாத்தான் இருக்கா?"

"இருக்கும்னு நெனைக்கிறேன்."

"அப்ப ஒரு வருசமா நரம்பு டாக்டர் என்னாத்தப் பாத்தாரு?"

அவர் எழுந்துகொண்டார். மாணவர்களில் ஒருவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் அந்த ஸ்கேன். கையில் ஒரு மருந்து ஏற்றிச் சில மணிநேரம் உட்காரவைத்து, பிறகு தலையை அசையாமல் கட்டிப் படம் எடுத்தார்கள். டோபமின் சுரக்கும் நரம்பு முனைகள் உயிரோடு இருந்தால் அந்த மருந்து போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும். நல்ல மூளையில் இரண்டு காற்புள்ளி எதிரெதிரே வைத்த மாதிரி தெரியும். பார்க்கின்சன் வந்தால் காற்புள்ளியின் வால் அழிந்து வெறும் புள்ளியாகிவிடும். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது சட்டென்று புரிந்தது. அடுத்த நாள் ஜெஸ்ஸி படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு காற்புள்ளியும் வாலோடு இருந்தன.

கூடவே என் நம்பர் போட்ட தாளில் சிவப்பாக ஒரு முத்திரை.

"என்னா போட்டிருக்கு?"

"ஸ்க்ரீன் ஃபெயிலியர்" என்றாள் ஜெஸ்ஸி. "அது, இந்த ஸ்டடிக்கு நீங்க சேர முடியாதுன்னு அர்த்தம்மா."

"ஃபெயிலுன்னு போட்டிருக்கீங்களா?"

"சந்தோஷப்படுங்கம்மா. இங்க பாஸ் ஆகுறவங்களுக்குத்தான் நோய்."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இரண்டு வருடத்துச் சிரிப்பு, நடை, வேலை, குழாயடிப் பேச்சு எல்லாம் ஒரே அட்டைக்குள் அடங்கியிருந்தது என்றால் சந்தோஷம் எங்கிருந்து வரும்? அவளிடம் நன்றி என்றும் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்த்து நிற்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய், "அட்டை எல்லாம் காணணும்" என்று ஆரம்பித்தாள்.

பையைத் தூக்கிக்கொண்டு கூடத்தைக் கடக்க வேண்டியிருந்தது. வேலுசாமி அண்ணன் விசிறிக்குக் கீழே இருந்தார். மாத்திரை போட்டுத் தெளிந்திருந்தார்.

"என்னம்மா, மூட்டையக் கட்டிட்ட? என்ன சொன்னாங்க?"

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மறைக்கவில்லை. "எனக்கு அது இல்லையாம்ணே. வாயு மாத்திரையால வந்ததாம். நிறுத்தினா போயிடுமாம்."

அவர் முகத்திலும் எதுவும் அசையவில்லை. அது நோயா, அவரா என்று எனக்குத் தெரியாது. அவர் மனைவி மட்டும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

"அப்ப இங்க நிக்காத. போ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "போறப்ப அந்த வெசிறிய முழுசா வெச்சுட்டுப் போ" என்றார்.

வைத்துவிட்டுப் போனேன்.

காப்சூலை நிறுத்திய முதல் இரண்டு வாரம் குமட்டலும் எரிச்சலும் என்னைப் படுக்கவைத்தன. பார்க்கின்சன் மாத்திரையையும் பெரிய டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டேன். நானாக எதையும் நிறுத்தவில்லை. வாசிக்கிறவர்களும் தாங்களாக நிறுத்தக் கூடாது, கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் இதையும் ஏமாற்றிச் சொன்னாரா என்று சந்தேகப்பட ஆரம்பித்தேன். இரண்டாம் மாதம் தாடை நின்றது. பிறகு ஒரு காலை நான் ஏதோ திட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் சட்டென்று வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

"என்னாங்க பாக்குறீங்க?"

"கோவமா இருக்க புள்ள. மொகத்துல தெரியுது."

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எங்கள் முப்பது வருடக் கல்யாணத்தில் என் கோபத்தைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

ஐந்தாம் மாதம் நானே தலை பின்னினேன். ஆபீஸுக்குப் போனேன். பிள்ளைக்காம்பராவில் வேறு ஆளைப் போட்டாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியே சித்ரா எதிரே வந்தாள். இடுப்பில் பிள்ளை, ஓடுகிற வயது. "அக்கா, நல்லாயிட்டீங்களா" என்று அவனை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அவன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. நான் எதையும் மறந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான்.

போன மாதம் வேலுசாமி அண்ணன் போன் செய்தார். ஜெஸ்ஸியிடம் கெஞ்சி நம்பர் வாங்கினாராம், அவள் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். ஆராய்ச்சியில் அவர் தேறி உள்ளே இருக்கிறார். மாதாமாதம் ஊட்டியிலிருந்து கோவைக்கு இறங்கிப் போய் வருகிறார்.

"குடுக்கறது மருந்தா மாவான்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியுமாம்" என்றார். "கையி நின்னுதா?"

"நின்னுடுச்சுங்கண்ணே."

"ம்." என்றார். "அன்னிக்கு வெரட்டிட்டேன். வயித்தெரிச்சல்மா. ஊட்டுக்கு வந்து ரெண்டு நாள் சோறு எறங்கல."

"எனக்கு இன்னும் கோவம் தீரலண்ணே. யாரப் பாத்தாலும் எரியுது. எங்க ஊட்டுக்காரரப் பாத்தாக்கூட."

"எனக்கு யாரு மேல கோவப்படறது? செல்லு செத்துச்சுன்றாங்க. செல்லு மேலயா கோவப்படறது? உனக்கு ஆளு இருக்குது. எழுதிக் குடுத்தவன் இருக்கறான். புருசன எதுக்கு வையற? அங்க போயி வையி."

மறுநாள் காலை பஸ் ஏறினேன். என் கணவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

பஜார் டாக்டரின் கிளினிக்கில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்ததும் உள்ளே போய், எங்கும் பிடிக்காமல் மேசை வரை நடந்து, பெரிய டாக்டரின் கடிதத்தை வைத்தேன். அவர் வாசித்தார். மடித்தார்.

"நல்லாயிட்டீங்கல்ல? ரொம்ப சந்தோஷம்."

"இது எதனால வந்துச்சுன்னு அதுல போட்டிருக்கு."

"ஆயிரத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகறதுதான். நீங்க ரிவ்யூவுக்கு வந்திருக்கணும். நீங்களா மெடிக்கல்ல வாங்கிச் சாப்பிட்டா நான் என்ன பண்ண முடியும்?"

"ரெண்டு வேளையாப் போடச் சொன்னது நானா?"

அவர் மணியை அழுத்தினார். கம்பவுண்டர் எட்டிப் பார்த்தான்.

"சீட்டுல எழுதிக் குடுங்க" என்றேன். "இந்த நடுக்கம் நான் குடுத்த மருந்தால வந்ததுன்னு. ஒரு வரி போதும்."

"எதுக்கு? கேஸ் போடப் போறீங்களா?"

"குழாயடியில காட்டணும்."

அவருக்குப் புரியவில்லை. அடுத்தவரை வரச் சொன்னார். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த பெண்ணிடம் என்னவென்று கேட்டேன். வயிறு என்றாள். கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தேன். வேறு மருந்து. திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் கேட்டேன். நாலாவது ஆளிடம் அதே காப்சூல் இருந்தது. எத்தனை மாதமாக என்று உரக்கக் கேட்டேன். ஒரு வருடம் என்றார். கையை நீட்டச் சொன்னேன். எனக்கு நடந்ததைச் சொன்னேன். கம்பவுண்டர் வந்து, "அம்மா, வெளிய போங்க" என்றான். "ஒரு வரி எழுதித் தந்தா போறேன்" என்றேன். வருகிறவர்களை எல்லாம் அட்டையைக் காட்டச் சொன்னேன். சிலர் காட்டினார்கள், சிலர் முறைத்தார்கள். இரண்டு பேர் டாக்டரைப் பார்க்காமலே எழுந்து போனார்கள்.

ஒரு மணி சுமாருக்கு டாக்டரே வெளியே வந்தார். சீட்டில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதி நீட்டினார்.

"தமிழ்ல எழுதுங்க. எங்க லயத்துல இங்கிலீஷ் படிக்க ஆளில்ல."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெஞ்சின் ஓரத்திலேயே சீட்டை வைத்து எழுதினார். பழக்கமில்லாத கை, நேரம் எடுத்தது. கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தார்.

வாங்கி வாசித்தேன். 'மருந்தால்' என்பதற்கு வல்லின 'று' போட்டிருந்தார். திருத்தச் சொன்னேன்.

திருத்தினார்.